காலை ஏன் இவ்வளவு கனமாயிருக்கிறது?



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையை நீங்கள் அறிந்திருக்கலாம். கல்லாற்றை அடைந்ததும் அது மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து உச்சி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கும் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைக்கிறார், நிதானிக்கிறார், அடுத்த வளைவுக்கு வண்டியை ஒழுங்குபடுத்துகிறார். கீழே ஆறு கண்ணுக்குத் தெரிகிறதே என்று மலைச்சரிவில் நேராக இறங்க எவரும் துணிவதில்லை.

நெடுநாள் உட்கொண்ட தூக்க மாத்திரையை விட்டு வெளியே வருவதும் இத்தகைய இறக்கமே. மெதுவாக இறங்குகிறவர் பத்திரமாய்த் தரைக்கு வருவார். ஆனால் அப்படி இறங்கும் பலரை ஒரு காரியம் கலங்கப்பண்ணுகிறது. மாலையில் ஓரளவு தெளிவாயிருக்கும் மனது, காலையில் கண் விழித்தவுடன் பாறாங்கல் ஏற்றினதுபோல் கனக்கிறது. காரணமில்லாத பயம், நெஞ்சுப் படபடப்பு, எழுந்திருக்க மனமின்மை, 'இனி எனக்கு விடிவே இல்லை' என்னும் எண்ணம். இந்தக் காலை வேளையைக் குறித்தே இக்கட்டுரை பேசுகிறது.

இந்த மாத்திரைகள் எங்கிருந்து வந்தன?

பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் நம்மில் அநேகர். இரவுப்பணி, வாடகைக் கவலை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலிருக்கும் பெற்றோரின் நோய் எல்லாம் சேர்ந்து தூக்கத்தைப் பறிக்கின்றன. மருத்துவர் 2 வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, பழைய சீட்டை வைத்தே 2 வருடம் தொடர்ந்துவிடுகிறது. அல்பிரசோலாம், குளோனசெபாம், லோராசெபாம், டையசெபாம் என்பவை இவற்றில் பரவலாக அறியப்பட்ட பெயர்கள். பென்சோடையசெபின் என்பது இவற்றின் குடும்பப் பெயர்.

இக்குடும்பத்தின் முதல் மருந்தைக் கண்டறிந்தவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாளர். 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் விற்பனைக்கு வந்தன. முந்தைய தூக்க மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்று உலகம் மகிழ்ந்தது. ஆயினும் 1961லேயே அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டர், மிகுந்த அளவில் லிப்ரியம் பெற்றுவந்த நோயாளிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தியபோது விலகல் துன்பங்கள் தோன்றியதையும், சிலருக்கு வலிப்பு வந்ததையும் பதிவு செய்தார். அந்த எச்சரிக்கை வெகுகாலம் கவனிக்கப்படவில்லை. 1988இல்தான் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் இவற்றின் சார்புநிலை ஆபத்தைக் குறித்து உச்ச அளவு எச்சரிக்கையைச் சேர்த்தது. நம் தேசத்திலும் 2014 மார்ச் முதல் அல்பிரசோலாம், டையசெபாம், சோல்பிடெம் முதலியவை 'எச்1' என்னும் அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது; விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்கவேண்டும்.

காலையில் நடப்பது என்ன?

நம் மூளையில் காபா என்னும் ஒரு பொருள் உண்டு. வண்டிக்குத் தடை எப்படியோ, அப்படியே நரம்புகளின் ஓட்டத்துக்கு அது. இந்த மாத்திரைகள் அந்தத் தடையை இன்னும் அழுத்துகின்றன. மாதக்கணக்கில் வெளியிலிருந்து இவ்வுதவி வந்துகொண்டிருந்தால், மூளை தன்னுடைய சொந்தத் தடையைத் தளர்த்திக்கொள்கிறது. மாத்திரை குறையும்போது அது மீண்டும் தன் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். அதற்கு வாரங்களும், சிலருக்கு மாதங்களும் செல்லும்.

இதற்கிடையில் ஒவ்வொரு காலையும் உடலில் ஓர் இயல்பான காரியம் நடக்கிறது. கார்டிசால் என்னும் சுரப்பு விடியுமுன்னே உயரத் தொடங்கி, கண் விழித்து 30 முதல் 45 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைகிறது. இது நம்மை எழுப்பி வேலைக்கு ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு. சுகமாயிருக்கிறவர் இதை உணர்வதேயில்லை. தடை தளர்ந்திருக்கும் நரம்புகளுக்கோ அதே எழுப்புதல் அபாய மணியாகக் கேட்கக்கூடும்.

இத்துடன் வேறு இரண்டும் சேர்கின்றன. அல்பிரசோலாம் போன்ற மருந்துகள் உடலில் வெகுநேரம் தங்குவதில்லை. இரவில் உட்கொண்டதன் பலன் விடியற்காலையில் தேய்ந்துவிடுகிறது. அன்றியும், கனவுத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் மிகுதி. மாத்திரையால் அடங்கியிருந்த கனவுகள், அது குறையும்போது பெருக்கெடுத்து வருகின்றன. பயங்கரமான கனவிலிருந்து விழிக்கிறவர் அந்தப் பயத்தோடே நாளைத் தொடங்குகிறார்.

ஆகவே பிரியமானவர்களே, காலையில் தோன்றும் அந்த இருள் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அது உங்கள் விசுவாசத்தின் அளவுகோலும் அல்ல. பெரும்பாலும் அது சுகமாகிக்கொண்டிருக்கும் நரம்புகளின் சத்தம்.

முதல் ஒரு மணி நேரம்

கண் விழித்ததும் படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டிராதேயுங்கள். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். கால்கள் தரையில் படட்டும், முகம் கழுவுங்கள், ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள், பாயை மடித்து வையுங்கள். இவை அற்பக் காரியங்களாய்த் தோன்றலாம். ஆனால் மனது சம்மதிக்கும் வரை காத்திராமல் கையை வேலையில் வைத்தால், மனது பின்னாலே வரும்.

வெளிச்சத்துக்கு வாருங்கள். காலை வெளிச்சமே உடலின் கடிகாரத்தைத் திருத்துவது. கல்லாறு போன்ற மலையடிவாரங்களில் கிழக்கே மலை நிற்பதால் வெயில் தாமதித்தே இறங்கும். ஆயினும் மூடுபனியுள்ள காலையின் வானவெளிச்சமும் அறை விளக்கைவிடப் பன்மடங்கு பிரகாசமானது. 20 நிமிடம் நடந்தாலே போதும். நன்றாய் விடிந்தபின் நடவுங்கள்; கூடுமானால் வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் பாறைகளின்மேல் இறங்கவேண்டாம். மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாய் வந்து சேரும்.

வெறும் வயிற்றில் கட்டங்காப்பி குடிக்கும் வழக்கத்தை இக்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். காப்பியிலுள்ள காஃபின் படபடப்பைக் கூட்டுவதோடு, மாலையில் குடித்தால் இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும். புட்டும் கடலையும், கஞ்சியும் பயறும், இட்லி, முட்டை, எது வீட்டில் உண்டோ அதைக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். பசியில்லாவிட்டாலும் இரண்டு வாய்.

காலை 10 மணிக்கு முன் பெரிய தீர்மானம் எதையும் செய்யாதேயுங்கள். வேலையை விடுவதா, வீட்டை மாற்றுவதா, ஒருவரோடு உறவை முறிப்பதா என்னும் கேள்விகளை மாலைக்குத் தள்ளிவையுங்கள். ஒரு நோட்டுப்புத்தகத்தில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, மனநிலைக்கு 10க்கு எத்தனை என்று எண் மட்டும் எழுதுங்கள். சில வாரங்களில் பக்கங்களைப் புரட்டும்போது, காலையில் 2 என்று எழுதின அநேக நாட்களில் மாலையில் 5 என்றோ 6 என்றோ எழுதியிருப்பதைக் காணக்கூடும். காலை சொன்ன பொய்யை உங்கள் சொந்தக் கையெழுத்தே வெளிப்படுத்தும்.

'இன்று மட்டும் ஒன்று கூட' என்று கூடுதல் மாத்திரையை எடுக்காதேயுங்கள். மதுவை அறவே தொடாதேயுங்கள். அதுவும் காபாவின் வழியாகவே வேலை செய்வதால், ஒரு சங்கிலிக்குப் பதில் வேறொன்றைப் பூட்டிக்கொள்வதாய் முடியும்.

திடீரென நிறுத்துவது விசுவாசம் அல்ல

ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஜெபக்கூட்டத்தில் ஆறுதல் பெற்ற உற்சாகத்தில், 'இனி எனக்கு இது தேவையில்லை' என்று மாத்திரைப் பட்டையைக் குப்பையில் எறிகிறவர்கள் உண்டு. நெடுநாள் உட்கொண்ட இந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு, சித்தப்பிரமை, உயிராபத்து வரையிலும் நேரிடலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கோர்டன், வேலியத்தை ஒரேயடியாய் நிறுத்தி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலைக்கு வந்தார். தம் துயரத்தை அவர் 1979இல் நூலாக வெளியிட்டபோதுதான் பலருடைய கண்கள் திறந்தன.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்தினார். அங்கே கற்றதை 1999இல் கையேடாக வெளியிட்டார். 2019இல் மறைந்த அவர் வலியுறுத்தியது இதுவே: மெதுவாக, அவரவர் உடல் தாங்கும் அளவில் குறைக்கவேண்டும். 2025இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதை யோசிக்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்லுகிறது. எந்த வளைவில் எவ்வளவு வேகம் என்பதை உங்கள் மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். ஏற்கெனவே திடீரென நிறுத்திவிட்டீர்களானால் வெட்கப்படாமல் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

சுகமாகுதல் நேர்கோட்டில் நடப்பதில்லை. நல்ல நாட்கள் சில, பிறகு அலைபோல ஒரு கெட்ட வாரம், மறுபடி தெளிவு. கெட்ட வாரம் வந்ததினால் எல்லாம் வீணாயிற்று என்று எண்ணவேண்டாம்.

சபையாருக்கும் வீட்டாருக்கும்

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்டவர், அதன்பின் சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தின்படி, அவருக்கு முதலாவது கிடைத்தது கண்டிப்பு அல்ல. தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும் கிடைத்தன. அதுவும் இரண்டு தரம். கேள்வி அதற்குப் பிறகே வந்தது. சோர்ந்திருக்கும் ஒருவரிடம் நாம் போகவேண்டிய வரிசை அங்கே இருக்கிறது.

ஆகையால் 'உனக்கு ஜெபம் போதாது' என்று சொல்லாதிருங்கள். காலை 7 மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, 'நான் வருகிறேன், சேர்ந்து நடப்போம்' என்னும் ஒரு வார்த்தை, இவை அதிகம் உதவும். மாத்திரை குறைக்கும் நாட்களில் முழு இரவு ஜெபமும் நீண்ட உபவாசமும் வேண்டாம். தூக்கமின்மையும் பசியும் நிலைமையை மோசமாக்கக்கூடும். உபவாசிக்க விரும்பினால் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். அதுவரை அவர் பகலில் ஜெபிக்கட்டும், வீட்டார் இரவில் அவருக்காக ஜெபிக்கட்டும். ஒரே நாளில் மருந்தை எறிந்ததாகச் சாட்சி சொல்லுகிறவரைக் கேட்கும் கூட்டத்தில், அதைப் பின்பற்றி ஆபத்துக்குள்ளாகக்கூடிய ஒருவர் அமர்ந்திருக்கலாம் என்பதைப் போதகர்கள் நினைவில் வைப்பது நலம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைக் காண்பது, கடும் நடுக்கத்துடன் காய்ச்சல் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலையில் மட்டுமல்லாமல் நாள் முழுவதும் சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், அது தனியே சிகிச்சை பெறவேண்டிய மனச்சோர்வு நோயாயிருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. தூக்கமின்மைக்கும் மருந்தில்லாத நடத்தைப் பயிற்சிச் சிகிச்சை உண்டு, கேட்டுப் பெறுங்கள். சாகவேண்டும் என்னும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரமும் தனித்திராதேயுங்கள். வீட்டாரை எழுப்புங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022இல் தொடங்கப்பட்ட இச்சேவை இரவும் பகலும் இலவசமாய்க் கிடைக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா உதவி எண் 1056. கல்லாறு, விதுரா பகுதியினர் விதுரா அரசு தாலுகா மருத்துவமனையை அணுகலாம். திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், 1870இல் தொடங்கப்பட்ட ஊளம்பாறை மனநல மையமும் உள்ளன. அங்கே போவது அவமானம் அல்ல. பல் வலிக்குப் பல் மருத்துவரிடம் போகிறோமே!

புலம்பல் 3ஆம் அதிகாரம் காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பேசுகிறது. அதை அறிக்கையிட்டவர் இடிந்த பட்டணத்தின் நடுவே, கண்ணீரோடு அதைச் சொன்னார் என்பதை மறவாதேயுங்கள். நாளைக் காலையும் உங்களுக்குக் கனமாயிருக்கலாம். ஆனாலும் எழும்பி, முகம் கழுவி, கதவைத் திறந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். நாளைக்கு அவ்வளவு போதும்.