உங்களுக்குத் தெரியுமா? அரியலூர் ஆமையின் சொந்தங்கள்

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு என்றதும் டைனோசர் எலும்புதான் நினைவுக்கு வரும். அதே படிவத்தில் நன்னீர் ஆமை ஒன்றின் மண்டையோடும் ஓட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. 2001-இல் கேஃப்னி, சாட்டர்ஜி, ருத்ரா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அதற்குக் ‘கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு.

நம் குளத்து ஆமைகள் இதன் வாரிசுகள் அல்ல! காராமையும் பாலாமையும் ஆபத்து என்றால் தலையை நேராக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கல்லமேட்டு ஆமையோ கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளும் இனம். அந்த இனம் இன்று இந்தியாவின் ஆறு, குளம் எதிலும் இயற்கையாக வாழவில்லை.

கழுத்தெலும்பு கிடைக்காவிட்டாலும் இனத்தைச் சொல்லிவிட முடியும். ஓட்டுத் துண்டைத் திருப்பி உட்பக்கம் பார்க்க வேண்டும். பக்கக்கழுத்து ஆமைகளின் இடுப்பெலும்பு மேலோட்டோடும் வயிற்றோட்டோடும் இணைந்தே வளரும். எலும்பு உதிர்ந்த பிறகும் இணைந்திருந்த தழும்பு ஓட்டில் நிற்கும். நம் குளத்து ஆமைகளின் ஓட்டில் அந்தத் தழும்பு இருக்காது. சரியான இடத்துத் துண்டாக இருந்தால், உள்ளங்கையளவே போதும்.

மும்பையில் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே கிடைத்த சங்குசெமிஸ் (2003) இதற்கு நெருங்கிய உறவு. மடகாஸ்கரில் கிடைத்த கின்கோனிகெலிஸும் (2009) அப்படியே. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டாகிறது. அதாவது, நடுவில் கடல் புகுந்து வெகுகாலம் கழித்தும் இரு கரை ஆமைகளின் மண்டையோட்டிலும் குடும்ப ஜாடை மாறவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்தக் குடும்பம் அடியோடு அழிந்துவிட்டது. அதற்கு மிக நெருங்கிய கிளை மட்டும் அமேசான், ஒரினோகோ ஆறுகளிலும் மடகாஸ்கரிலும் பிழைத்திருக்கிறது. 2.4 மீட்டர் நீள ஓடு கொண்ட ‘ஸ்டுபெண்டெமிஸ்’ இந்தக் கிளையில் பிறந்ததுதான். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் வாழ்ந்தது. ஆணுக்கு ஓட்டின் முன்விளிம்பில், கழுத்தின் இருபுறமும் கொம்பு உண்டு.

மடகாஸ்கரில் இந்தக் கிளையில் மிஞ்சியிருப்பது பெருந்தலை ஆமை ஒன்றே. இறைச்சிக்காகப் பிடித்துப் பிடித்து, அதுவும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

அரியலூர்ப் பக்கம் ஓடையிலோ சுரங்க மேட்டிலோ எலும்புபோல் ஏதாவது தென்பட்டால் பெயர்த்து எடுத்து வராதீர்கள். கிடந்த அடுக்கு தெரியாவிட்டால் அதன் வயதைச் சொல்வது கடினம். இடத்தைப் படம் எடுத்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.