தாத்தாவின் பேனாக்கத்தியை பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குக் கிளம்பும்போது, எலுமிச்சம்பழம் நறுக்க பையில் ஒரு பேனாக்கத்தி போட்டுக்கொள்வோம். அது தாத்தா காலத்துக் கத்தியா? அப்படியென்றால் சேகரிப்பாளர்கள் தேடுற பொருள் உங்க கையில் இருக்கலாம்.

அதென்ன பேனாக்கத்தி?
இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர். இதில் பூட்டு கிடையாது. முதுகுப் பக்கம் இருக்கும் எஃகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில்தான் அலகு நிற்கும். அதனால் குத்திக் கிளறாதீங்க, அலகு மடங்கி விரலை வெட்டிடும்.

எதைப் பார்க்கணும்?
* அலகின் அடிப்பகுதியில் முத்திரை இருக்கா? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ப் பெயர்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்க.
* திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென்று சத்தம் வரணும்.
* திறந்த அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது.

எதைச் செய்யக் கூடாது?
பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. முத்திரை அழிந்தால் மதிப்பும் போச்சு. மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

சட்டம் என்ன சொல்லுது?
வீட்டு உபயோகக் கத்திக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. மறந்து எடுத்துட்டுப் போனால், தாத்தாவின் ஞாபகம் சோதனை மேசையோடு போயிடும்!