தெருக் கேமராவுக்கு யார் காவல்? (தொடர் – 6)

பெங்களூரு பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தாலும், கோல்ஸ் ரோட்டில் துணி எடுக்கப் போனாலும், கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். திருட்டுக்குப் பயந்து முதலாளி மாட்டியது என்றே பலரும் நினைப்பார்கள். கர்நாடகத்தில் அது சட்டக் கட்டாயமும்கூட. 2017-ல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரே நேரத்தில் 100 பேரோ, ஒரு நாளில் 500 பேரோ வந்துபோகும் இடத்தில் கேமரா வைத்தாக வேண்டும். பதிவை 30 நாள் வைத்திருந்து, போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடைக்கு வெளியே வந்தால் அரசின் கேமரா. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் உருவான ‘சேஃப் சிட்டி’ திட்டத்தில் பெங்களூரு, சென்னை உட்பட 8 நகரங்கள் இருக்கின்றன. பெங்களூருவில் 3,000-க்கும் மேற்பட்ட இடங்களில் 7,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் வைக்க 2021-ல் ஹனிவெல் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. மதிப்பு சுமார் 496 கோடி ரூபாய். பெண்கள் பயமில்லாமல் நடமாட வேண்டும் என்பதில் யாருக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியும்? ஆனால், கேமராவில் பதிவாகும் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டும் மென்பொருளைப் போலீஸ் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், அது தவறான ஆளைக் காட்டிவிட்டால் யார் பொறுப்பு என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

இத்தனைக்கும், இதைத் தட்டிக் கேட்கும் உரிமையை வாங்கித் தந்தவர் பெங்களூருக்காரர். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ்.புட்டசாமி, 2012-ல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்கு வயது 86. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது.

அந்தத் தீர்ப்பைப் போலீஸின் முக அடையாள மென்பொருளுக்கு எதிராகக் கையில் எடுத்தவர் ஹைதராபாத்தின் சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.கியூ.மசூத். 2021 மே, ஊரடங்கு நேரம். மாமனாரோடு ஸ்கூட்டரில் வந்தவரைப் போலீஸார் மறித்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அப்படியும் படம் எடுத்துக்கொண்டார்கள். என் படம் எங்கே போகிறது, எதற்கு என்று கமிஷனருக்கு நோட்டீஸ் அனுப்பினார், பதில் இல்லை. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் அவர் போட்ட வழக்கில் 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போனது. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு மசூதின் கேள்வியே போதுமான பதில்.

மென்பொருளும் பிழை செய்யும். இரண்டு முகங்கள் 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று டெல்லி போலீஸ் கொள்வதை, 2022-ல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) மூலம் வெளிக்கொண்டுவந்தது. சேர்த்துவைத்த முகங்களுக்கும் பாதுகாப்பில்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்தார். இந்தத் தொழில்நுட்பத்தைப் போலீஸ் உட்பட நகரத் துறைகள் பயன்படுத்த சான்பிரான்சிஸ்கோ நகரம் 2019-ல் தடை போட்டது. அங்கே முடிவெடுத்தது அந்த நகரத்தின் மன்றமே.

நம் கையில் இப்போது இருப்பது ஆர்.டி.ஐ. மனு. கர்நாடகத்தில் கட்டணம் 10 ரூபாய். ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எத்தனை கேமரா, பதிவு எத்தனை நாள் இருக்கும், யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்க அந்த இடம் தாராளமாகப் போதும். பிரேசர் டவுன் வாசகர்கள் இந்த வாரமே எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டியது அதிகாரிகளின் கடமை.

(தொடரும்)