கஷாயம்தானே... ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க!

"பச்சிலைதானே, என்ன பண்ணிடப் போகுது? கேட்டா நல்லது பண்ணும், கேக்கலைன்னா சும்மா கிடக்கும்!"

உங்கள் வீட்டிலும் இந்த வசனம் ஒலித்திருக்கும். சளிக்கு ஒரு கஷாயம், சர்க்கரைக்கு ஒரு சாறு, கொழுப்புக்கு ஒரு ஜூஸ், தொப்பைக்கு ஒரு மூலிகை டீ. முன்பு பாட்டி சொன்னாள், காய்ச்சினோம். பாட்டிக்குச் செடியையும் தெரியும், அளவும் தெரியும், எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். இப்போதோ வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் சொல்கின்றன. செடியின் பெயர் வருகிறது. அளவும் நாள் கணக்கும் வருவதில்லை. அங்கேதான் ஆபத்து!

சுக்கு, மிளகு, சீரகம், துளசி போட்டு இரண்டு நாள் குடிப்பதைப் பற்றியல்ல இந்தக் கட்டுரை. 'இயற்கை' என்ற ஒரே நம்பிக்கையில், அளவு தெரியாமல், ஆள் தெரியாமல் குடிக்கிறோமே, அதைப் பற்றி.

கொதிக்க வைத்தால் விஷம் போகுமா?

"நல்லா கொதிக்க வெச்சாச்சு, இனி பயமில்லை" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். செடியில் இருக்கும் விஷம் சாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊமத்தையின் விஷமும், கசக்கும் சுரைக்காயின் விஷமும் அடுப்புச் சூட்டுக்கு அசைவதில்லை.

கஷாயம் என்றால் என்ன? இலையிலும் வேரிலும் இருக்கும் சத்தை நீரில் இறக்குவது. மருந்துச் சத்து இறங்கும்போது விஷச் சத்தும் கூடவே இறங்கும். 'எட்டுக்கு ஒன்றாக வற்ற வை' என்கிறார்களே, எட்டு டம்ளரில் இருந்தது ஒரு டம்ளரில் வந்து உட்காருகிறது. ஆகவே கஷாயம் வெறும் பானமல்ல. அது மருந்து. மருந்து என்றால் நான்கு கேள்வி கேட்டாக வேண்டும். எந்தச் செடி? எவ்வளவு? எத்தனை நாள்? யாருக்கு?

கசந்தால் நல்லதா?

நான்கு கேள்விக்கும் முன்னால் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடுவோம். 'கசப்பா இருந்தா மருந்து வேலை செய்யுது' என்பதுதான் அது.

2010-ல் டெல்லியில் மூத்த விஞ்ஞானி ஒருவர் காலையில் சுரைக்காய் ஜூஸ் குடித்தார். பாகற்காய்ச் சாறும் அதில் கலந்திருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிர் பிழைக்கவில்லை. கூடவே குடித்த மனைவி சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தார். இதுபோன்ற சம்பவங்களை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு நிபுணர் குழு போட்டது. அதன் முடிவுகள் 2012-ல் வெளிவந்தன.

சாம்பாரில் போடும் சுரைக்காயா ஆளைக் கொல்லும்? சுரை, வெள்ளரி, பீர்க்கு வகைச் செடிகள் பூச்சிகளிடமிருந்து தப்பிக்க 'குக்குர்பிட்டாசின்' என்ற கசப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்கின்றன. நாம் பயிரிடும் நல்ல ரகங்களில் அது மிகக் குறைவு. காட்டு ரகத்தோடு மகரந்தம் கலந்தாலோ, கடும் வெயிலிலும் வறட்சியிலும் காய்த்தாலோ சில காய்களில் அது ஏறிவிடும். வெளித்தோற்றத்தில் நல்ல காய்க்கும் கெட்ட காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

கூட்டு வைத்தால் முதல் கவளத்திலேயே "தூ, கசக்குதே" என்று தட்டைத் தள்ளிவிடுவோம். நாக்குதான் காவல்காரன். ஜூஸ் குடிப்பவரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று ஒரு டம்ளரை உள்ளே தள்ளுகிறார். பாகற்காய்ச் சாறும் கலந்துவிட்டால் கசப்பு எதனுடையது என்றே தெரியாது. காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரிதான்!

அந்த நிபுணர் குழு சொன்னது எளிமையானது. சாறு பிழிவதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். வேறு சாற்றோடு கலக்காதீர்கள். குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

எந்தச் செடி?

2020 ஏப்ரல். கொரோனா பயம் உச்சத்தில் இருந்த நேரம். வேலூருக்கு அடுத்திருக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், டிக்டாக் வீடியோவை நம்பிச் சிலர் ஊமத்தை விதையில் பானம் தயாரித்துக் குடித்தார்கள். அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

ஊமத்தை விஷம் ஏறினால் நாக்கு உலரும், கண் பாப்பா விரியும், பார்வை மங்கும், இதயம் படபடக்கும், உடம்பு கொதிக்கும், சிறுநீர் பிரியாது. ஆள் சம்பந்தமில்லாமல் உளறுவார், காற்றில் எதையோ பிடிக்கப் போவார். 'பேய் பிடிச்சிருக்கு' என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

தெரிந்த செடி போலவே இருக்கும் தெரியாத செடியும் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவுக்கு ஜப்பானில் ஒரு பங்காளி இருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் வலிப்பை உண்டாக்கும் விஷம் அதில் இருக்கிறது. 2003-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூ டீ குடிக்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. சுமார் 40 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 15 பேர் கைக்குழந்தைகள். வயிற்று உப்புசத்துக்கு என்று கொடுத்த பானம் அது!

எவ்வளவு?

கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய் உண்டு. பிலிம்பி என்றும் சொல்வார்கள். மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக இரண்டு மூன்று போடுவார்கள், ஒரு கெடுதலும் இல்லை. 'கொழுப்பைக் கரைக்கும்' என்று யாரோ சொல்ல, அதையே பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். விளைவு? ஐந்து ஆஸ்பத்திரிகளில் 10 பேருக்குத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. இதை 2013-ல் சிறுநீரக டாக்டர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள்.

காரணம், அந்தக் காயில் நிறைந்திருக்கும் ஆக்சாலிக் அமிலம். அது கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய படிகங்களாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடுகிறது. குழம்பில் மூன்று காய், டம்ளரில் முப்பது காய். கணக்கு புரிகிறதா?

எத்தனை நாள்?

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொடிக் கஷாயம் காய்ந்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் சாப்பிட்டு வந்த 6 பேரின் கல்லீரல் பாதிப்பை மும்பை டாக்டர்கள் கவனித்தார்கள். பிறகு நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 பேரின் விவரங்களை 2022-ல் வெளியிட்டன. அவர்கள் சீந்தில் எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 46 நாள். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டப் போய், அதே சக்தி சிலருக்குச் சொந்தக் கல்லீரல் மீதே திரும்பிவிடுகிறது என்பது அந்த டாக்டர்களின் கணிப்பு.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடி கலந்திருக்கலாம் என்றது. இரண்டில் எது சரியானாலும் வேலியில் படரும் கொடியை வெட்டி மாதக்கணக்கில் குடிப்பவருக்குப் பாடம் ஒன்றுதான். கண் மஞ்சளானால், சிறுநீர் கடும் மஞ்சளானால், பசி செத்துப்போனால் கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அதிமதுரமும் அப்படித்தான். இருமலுக்கு நாலு நாள் சரி. 'தொண்டைக்கு இதமா இருக்கு' என்று வாரக்கணக்கில் தினமும் குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பி.பி. ஏறும். நிலவாகை சேர்ந்த 'ஸ்லிம்மிங் டீ'யைத் தினமும் குடிப்பவருக்கு வெளியேறுவது கொழுப்பல்ல, நீரும் உப்புகளும்தான்.

எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாத விஷம் ஒன்று உண்டு. ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து என்கிற ஈஸ்வரமூலி ஆகிய செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை! 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. மூலிகை மாறி, இந்த இனத்துச் செடி கலந்துவிட்டதுதான் காரணம். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. வாந்தியில்லை, வலியில்லை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

யாருக்கு?

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். வசம்பு உரைத்த நீர், கஷாயம், டீ எதுவும் வேண்டாம். பெரியவருக்கு ஒரு மடக்கு என்பது மூன்று கிலோ குழந்தைக்குப் பெரிய டோஸ்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்க வேண்டாம். சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே விதி. பி.பி., சர்க்கரை, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்கள் குடிக்கும் கஷாயத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "அதெல்லாம் மருந்தா, சொல்ல வேண்டாம்"னு விட்டுடாதீங்க!

சித்த மருத்துவமே தப்பா?

இல்லை. சித்த மருத்துவத்தில் நச்சுச் சரக்கைச் சுத்தி செய்யும் முறை உண்டு, அளவு உண்டு, பத்தியம் உண்டு. பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போனால் நாடி பார்த்து, வயது பார்த்துக் கொடுப்பார். அந்த விதிகளையெல்லாம் விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

விபரீதம் நேர்ந்துவிட்டால்...

* உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசலே உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி நுரையீரலுக்குள் போகவும் கூடும்.

* மயக்கத்தில் இருப்பவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

* 108-ஐக் கூப்பிடுங்கள். 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' வேண்டாம்.

* மிச்சக் கஷாயத்தையும், செடியின் இலை, காய், வேரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதுதான் துப்பு.

* எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை நாளாகக் குடித்தார் என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

* கூடவே குடித்த மற்றவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

அடுத்த முறை யாராவது "இதைக் காய்ச்சிக் குடிங்க, கைகண்ட மருந்து" என்றால் கோபப்பட வேண்டாம். "எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நாலில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள்.