அரக்குத் தட்டில் செம்பையின் குரல்

வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் செம்பை வைத்தியநாத பாகவதரின் கிராமபோன் தட்டுகள் சில இருந்தனவாம். அவற்றில் உள்ள ஒரு கீர்த்தனையைக் கைபேசியிலும் தேடிக் கேட்டிருக்கிறார். “இரைச்சலே இல்லை. ஆனால் குரலில் உயிரும் இல்லை. அந்தக் காலத்துப் பதிவு அவ்வளவுதானா?” என்று கேட்கிறார்.

பதிவைக் குறை சொல்ல வேண்டாம். கெடுத்தது, அதைத் தட்டிலிருந்து எடுத்த கைதான்.

செம்பையின் வெண்கலக் குரலைப் பற்றி இந்தப் பாலக்காட்டுப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பிசின் அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரப்பது. உலகத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் இங்கிருந்தே வாங்கின. ஆனால் தட்டில் அரக்கைவிடக் கல்பொடிதான் அதிகம். எஃகு ஊசி அந்தப் பொடியில் தேய்ந்து பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு வந்துவிடும். நாம் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை பெரும்பாலும் அந்தக் கல்பொடியின் ஓசை. பாடும்போது அங்கே அது இல்லை.

தட்டிலிருந்து ஒலியை எடுப்பதில் முதலில் ஊசி. எல்.பி. தட்டுக்கான ஊசி முனையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான முனை இந்த 78 சுற்றுத் தட்டுக்கு வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் உரசும். தேர்ந்தவர்கள் பல அளவு ஊசிகளை மாற்றி மாற்றி வைத்து, பள்ளத்தின் சுவரில் தேயாத உயரம் எது என்று தேடுவார்கள்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். ஆரம்ப காலத் தட்டுகள் 70 சுற்றிலிருந்து 80க்கு மேல் வரை எப்படியும் பதிவாகியிருக்கும். 80 சுற்றில் பதிந்ததை 76ல் ஓடவிட்டால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கிவிடும். மேல்நாட்டு வாத்திய இசையில் சரியான வேகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அங்கே சுருதி ஊருக்கெல்லாம் ஒன்று. நம்மிடம் பாடகருக்குப் பாடகர் வேறு. அதனால் அவருடைய மற்றத் தட்டுகளோடும் வானொலிப் பதிவோடும் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்குச் சங்கீத ஞானம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரும்பாலும் யாரும் உட்காருவதில்லை.

என்னை வெகுநாளாக உறுத்துவது மூன்றாவது விஷயம். இரைச்சலை நீக்கும் கணினி மென்பொருள், மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று கணக்கிடுகிறது. பாட்டுக்கு அடியில் மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எது? சுருதி! பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியை ‘மௌனம்’ என்று மென்பொருளுக்குக் காட்டினால், அங்கே ஒலிப்பது சுருதிதான். அதையே முதலில் அழித்துவிடும். கீறலால் வரும் ‘டிக்’ ஓசையை நீக்கும் கருவி இன்னும் மோசம். திடீரென்று எழுந்து சட்டென்று அடங்குவதெல்லாம் அதற்குக் கீறல். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழுவதும் அப்படித்தான் எழுகிறது. அழுத்தமாக ஓடவிட்டால் சொற்கள் மழுங்கிப்போகும். தட்டின் உறுமலை வெட்டும் வடிகட்டியோ இடந்தலைக் கும்கியையும் சேர்த்து வெட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், மிருதங்கத்தின் இயல்பான நாதம் போதும் என்று வாதாடிய பாலக்காடு மணி ஐயரின் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கையில் மனம் வலிக்கிறது.

எங்கள் பக்கத்து மட்டை அரிசியை வெள்ளை வெளேரென்று வரும்வரை தீட்டினால் சோறு கிடைக்கும். மட்டை அரிசி கிடைக்காது. தவிட்டை நீக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று மில்காரருக்குத் தெரியும். கொஞ்சம் ‘ஸ்ஸ்’ இருக்கட்டும் என்று விட்டுவிட ஒலிப் பொறியாளருக்கும் துணிச்சல் வேண்டும். அந்த மெல்லிய ஓசையைக் காது இரண்டே நிமிடத்தில் ஒதுக்கிவிடும். தொலைந்த நாதத்தைக் காதால் வரவழைக்க முடியாது.

சட்டமும் தடையாக இல்லை. ஒலிப்பதிவின் உரிமை நம் நாட்டில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1930களின், 40களின் தட்டுகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பாலக்காட்டில் செம்பையின் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. குருவாயூரில் அவர் பெயரில் ஆண்டுதோறும் சங்கீத உற்சவம் நடக்கிறது. அவருடைய தட்டுகள் முழுவதையும் பக்கவாத்தியக்காரர் பெயர், தட்டு எண், ஓடவிட்ட வேகம் எல்லாம் குறித்து ஒழுங்கான தொகுப்பாக வெளியிட இவர்களைவிட உரியவர் யார்? பக்கவாத்தியக்காரரின் பெயர்கூட இல்லாமல் ‘பழைய பொக்கிஷம்’ என்று விற்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வண்டன்மேட்டு நண்பருக்கு: தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு அதில் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். உங்கள் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். டிரங்குப் பெட்டியை விட்டு உலர்ந்த அலமாரிக்கு மாற்றுங்கள். பழைய கிராமபோன் பெட்டியில் எஃகு ஊசி வைத்துப் போட்டுப் பார்க்க ஆசை வரும். ஒவ்வொரு தடவையும் பள்ளம் தேயும், ஆகவே வேண்டாம். நடுக் காகிதத்தில் உள்ள எண்ணையும் பெயர்களையும் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.