இல்லாததை இல்லை என்று சொல்லும் கணினி

நம் காரைக்காலுக்குக் கிழக்கே வங்கக்கடல். மற்றப் புறமெல்லாம் தமிழ்நாடு. ஆனால் நம்மை ஆள்வதோ புதுச்சேரி! இவ்வாறே கணினிக்குள்ளும், தனி ஆட்சியுடன் வேறொரு கணினி இருக்க முடியும் என்பதைத் தோழியர் அறிவீர்களா? அதனை மெய்நிகர் கணினி என்பர். ஒரே இயந்திரத்தில் இத்தகைய பல கணினிகளை விருந்தினராகக் குடியமர்த்திக் கண்காணிக்கும் மென்பொருளே ஹைப்பர்வைசர். 2007-இல் லினக்ஸுடன் இணைந்த கே.வி.எம். இவ்வகையைச் சேர்ந்தது.

நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க, கணினியின் மூளையாகிய பிராசஸரிலேயே சில வசதிகள் உண்டு. 1985-இல் வந்த இன்டெல் 80386-இல், "இந்த இடத்தை அடைந்ததும் நில்" என்று குறித்து வைக்க நான்கு பதிவகங்கள் இருந்தன. நிரல் கடைசியாகத் தாவிச் சென்ற வழிகளைப் பதிந்து வைக்கும் வசதி பின்னர் வந்தது.

இவை எல்லாவற்றையும் ஹைப்பர்வைசரால் விருந்தினருக்குத் தர இயல்வதில்லை. தர இயலாததைக் கேட்டால் என்ன செய்வது? வழிகள் மூன்று.

முதலாவது, மறைத்தல். "என்னென்ன வசதிகள் உண்டு?" என்று விருந்தினர் பிராசஸரைக் கேட்கும்போது, ஹைப்பர்வைசர் இடைமறித்துத் தரக்கூடியவற்றை மட்டும் காட்டும்.

இரண்டாவது, மறுத்தல். காட்டாத வசதியைத் தொட்டால் பிழை என்று அறிவிக்கும். இதை எதிர்பாராத நிரல் அங்கேயே நின்றுவிடவும் கூடும்.

மூன்றாவது, ஏற்றதுபோல் இருந்து ஒன்றும் செய்யாதிருத்தல். கே.வி.எம். பல ஆண்டுகள் தாவல் பதிவு வசதியை இப்படித்தான் நடத்தியது. விருந்தினர் அதை இயக்கினால், தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது. அறியாத வேறு வசதிகளைக் கேட்டாலோ, பிழை என்றது. இன்டெல் பிராசஸர்களில் அவ்வசதியை விருந்தினருக்கு உண்மையாகவே தரும் ஏற்பாடு 2021-இல் வந்தது.

மூன்றாம் வழியில் நிரல் நிற்காது. ஆனால் ஆபத்து உண்டு. பிழையைத் தேடுபவர் வெற்றுப் பதிவைக் கண்டு, "நிரல் இவ்வழி செல்லவே இல்லை" என்று நம்பிவிடுவார். நாட்கணக்கில் வேறிடத்தில் தேடி அலைவார் அல்லவா?

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' பிராசஸர் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் விதிமுறை இதற்கு அழகிய வழி கூறுகிறது. அதில் நிறுத்தக் குறிகள் இத்தனை என்ற கட்டாயம் இல்லை. வேண்டிய குறியின் எண்ணை எழுதி, மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். எழுதிய எண் திரும்பி வராவிடில் அக்குறி இல்லை என்று பொருள்.

சரக்கு இல்லாதபோது "இல்லை" என்று உடனே சொல்லும் கடைக்காரரையே நாம் நம்புகிறோம். இயந்திரத்திற்கும் அதுவே நன்மதிப்பு. இல்லை என்ற பதில் ஏமாற்றம் தரலாம். ஆனால் நம்மை வழிதவறச் செய்வதில்லை!