மழை அடைத்த வீட்டுக்குள்ளே

வெளியே மழை கொட்டுகிறது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசலில் இருப்பவருக்குக் காதில் விழாது. இப்படி அடைபட்ட நாளில் உங்கள் மனம் எங்கெல்லாம் போகிறது, வாசகர்களே? என் மனம் போகிற போக்கில் சற்று கூடவே வாருங்கள்.

கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1999 ஜனவரியில் பனி குவிந்தபோது, அதை அள்ளுவதற்கு இராணுவத்தையே வரவழைத்தார்கள். அந்த ஊரில் நம் தமிழர்களும் ஏராளம். கதவுக்கு வெளியே பனி மேடு; உள்ளே அவர்கள் எதை நினைத்து உட்கார்ந்திருந்தார்களோ! நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கிற மூட்டம்தான். ஜொகூரில் நம்மை வீட்டுக்குள் அடைப்பது, ஆண்டுக் கடைசியில் வருகிற வடகிழக்குப் பருவமழை.

நான் பிறந்தது குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில். மழை என்றால் எனக்குக் கொண்டாட்டம். அப்பா வீட்டில் இருப்பார். மரவள்ளிக்கிழங்கு வேகும், கோப்பி ஓ மணக்கும், பழைய கதைகள் வரும். அப்பா மட்டும் நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து வருவார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பால்வெட்டுக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டவுன் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இரவில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால்தான் விடியுமுன்னே வெட்டுகிறார்கள். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக் கோட்டைவிட்டு மரமெங்கும் பரவி வழிந்துவிடும், மங்குக்கு வந்து சேராது. ஈரப்பட்டையில் வெட்டினால் பூசணமும் பிடிக்கும். வெட்டி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டால் அது இன்னும் கொடுமை. மங்கு நிறைய மழைத் தண்ணீர், பால் மண்ணோடு போகும், உழைத்த உழைப்பும் கூடவே போகும்.

எங்கள் வீட்டில் அப்போது நாள்கூலி. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. இது எனக்குப் புரிந்தது ஒரு 555 புத்தகத்தால். மளிகைக்கடைப் பாக்கி எழுதுகிற அந்தச் சின்னப் புத்தகம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாதக் கடைசியில் நான்தான் படித்துக்காட்ட வேண்டும். அரிசி, சாடின், மண்ணெண்ணெய் என்று வரிசையாகப் படித்தேன். டிசம்பர் மாதத்துக்கு ஒரு பக்கம் போதவில்லை, இரண்டாம் பக்கமும் நிரம்பியிருந்தது. "மெதுவாப் படி, அப்பா தூங்குறாரு" என்றார் அம்மா. அப்பா தூங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த மழைக்குக் கிழங்கு வெந்தபோது நான் கதை கேட்கவில்லை.

மாதச் சம்பளம் வேண்டும் என்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல்லாண்டு கேட்டு வந்ததற்கு இந்த மழை நாட்களும் ஒரு காரணம். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது, மாதம் 900 வெள்ளி என்று. 2025இல் அது 1,700 வெள்ளியானது. இதெல்லாம் வருமுன்னே அப்பா போய்விட்டார்.

மழை சோம்பலை மட்டுமா கொண்டு வருகிறது? 2006 டிசம்பரில் ஒருமுறையும், மிச்சமிருந்ததை 2007 ஜனவரியில் மறுமுறையும் வெள்ளம் வந்து கோத்தா திங்கி, சிகாமட் பக்கமெல்லாம் மூழ்கியது. ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பஹாட் பக்கத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. பருவமழை முடிகிற நேரத்தில் வந்த வெள்ளம் அது! அன்றைக்கு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இப்போது லயத்து வீடுகள் பல இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. நானும் டவுன் பக்கம் வந்து பல காலமாகிறது. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு மழைச் சத்தம் கேட்டால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கிறேன். "எந்த மரத்தை வெட்டப் போறீங்க?" என்று வீட்டுக்காரி படுக்கையிலிருந்தே கேட்கிறாள்.